கலைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?

ஏப்ரல் பிறந்தால் எனக்குப் புறத்தேர்வாளர் வேலை வந்துவிடும். தென் மாவட்டக் கல்லூரிகளில் உயிர்தகவலியல், உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு வைவா. ஸ்பைரல் பைண்டிங் போட்ட புராஜெக்ட் அறிக்கைகள் மேசையில் அடுக்கியிருக்கும். பக்கத்தில் பிஸ்கட் தட்டு, காப்பி. அறிக்கைகளைப் புரட்டினால் பெரும்பாலானவற்றில் ஒரு வண்ணப்படம் இருக்கும். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்களில், சில உயரமாக, சில குட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கீழே 'கண்டறியப்பட்ட மோட்டிஃப்' என்று தடித்த எழுத்தில் தலைப்பு.

எல்லாரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "இதே வரிசைகளைக் கலைச்சுப் போட்டு மறுபடி ஓட்டிப் பாத்தீங்களாப்பா?"

"இல்ல மேடம். இ-வேல்யூ நல்லாத்தான் வந்திருக்கு."

"கலைச்சதுலயும் நல்லா வந்துதுன்னா?"

பையன் தன் கைடைப் பார்ப்பான். கைடு மின்விசிறியைப் பார்ப்பார்.

இந்த ஒரு கேள்விக்கான பதில் இல்லாமல் எந்தப் புராஜெக்ட் அறிக்கையையும் பல்கலைக்கழகங்கள் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி. மாணவர்மேல் கோபம் இல்லை. அவன் கணினியையும், இப்படி ஒன்று தற்செயலாக எத்தனை முறை வரும் என்று அது போட்டுத் தந்த இ-வேல்யூ என்ற மதிப்பையும் நம்பினான். கணினியிடம் 'இதில் திரும்பத் திரும்ப வருவது என்ன?' என்று கேட்டால், அது எதையாவது எடுத்து நீட்டாமல் விடாது. அப்படித்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஎன்ஏ என்பது நான்கே எழுத்துகளால் ஆன மிக நீண்ட வரி. மனித மரபுத்தொகுதியின் ஒரு பிரதியில் சுமார் 310 கோடி எழுத்துகள். இந்த வரியில் ஆங்காங்கே சில குறுஞ்சொற்கள் மறுபடி மறுபடி வருகின்றன. 'இங்கே வந்து உட்கார், இந்த மரபணுவை இயக்கு' என்று புரதங்களுக்கு வழிகாட்டும் இடங்கள் அவை; மோட்டிஃப் என்பது அவற்றைத்தான். 1975-இல் டேவிட் பிரிப்னோ பாக்டீரியாவில் இப்படி ஓர் ஆறெழுத்துச் சொல்லைக் கண்டார். மரபணுப் படியெடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சுமார் 10 எழுத்து முன்னால், டிஏடிஏஏடி அல்லது அதன் சாயலில் ஒன்று. அவர் கையில் இருந்தவை மிகச் சில வரிசைகள்தான். ஆனால், படியெடுக்கும் நொதி உட்கார்ந்த இடம் எது என்று ஆய்வகத்தில் நிலைநாட்டப்பட்ட வரிசைகள் அவை. தேடவேண்டிய இடம் எது என்று தெரிந்த பிறகே தேடினார். அந்த ஒழுங்கு இன்று தலைகீழாகிவிட்டது. எழுத்துகள் கோடிக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன, இடத்தைப் பற்றிய அறிவு மட்டும் பின்னால் வரும் என்று விட்டுவிடுகிறோம்.

1993-இல் சார்லஸ் லாரன்ஸும் கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். அழகான வேலை, வகுப்பில் நடத்தும்போது எனக்கு இன்றும் உற்சாகம் வந்துவிடும். 20 வரிசைகளைக் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடத்தில் மோட்டிஃப் இருப்பதாகக் குருட்டாம்போக்கில் குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு வரிசையை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மற்ற 19-இல் குறித்த துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, முதல் இடத்தில் ஏ எத்தனை, சி எத்தனை, இரண்டாம் இடத்தில் எத்தனை என்று எண்ணும். வெளியே எடுத்த வரிசையில் இந்தக் கணக்குக்கு எந்த இடம் ஒத்துவருகிறது என்று பார்த்து, அதிகம் ஒத்துவரும் இடத்துக்கு அதிக வாய்ப்பு தந்து, குறியை நகர்த்தும். அடுத்த வரிசை, அதற்கடுத்தது, மறுபடி முதலிலிருந்து. முதலில் குறித்தது முழுக்கத் தப்பாக இருந்தாலும், தற்செயலாக இரண்டு மூன்று குறிகள் சரியான இடத்தில் விழுந்துவிட்டால் போதும்; அவை மற்றவற்றைத் தம் பக்கம் இழுத்துவிடும். அடுத்த ஆண்டில் சான் டியேகோவில் திமோதி பெய்லியும் சார்ல்ஸ் எல்கனும் வேறொரு புள்ளியியல் வழியில் 'மீம்' என்ற நிரலைத் தந்தார்கள். இன்று நம் மாணவர்கள் பெரும்பாலும் ஓட்டுவது அதைத்தான். இணையத்தில் இலவசம்.

இரண்டுமே உள்ளதற்குள் சிறந்ததைத் தேடிக் கொடுப்பவை. உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒன்றுமில்லாததற்குள் சிறந்தது என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்?

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். நான்கு எழுத்துகளில் ஆறெழுத்துச் சொற்கள் மொத்தம் 4,096. எழுத்துகள் கண்டபடி விழுந்தாலும் எந்த ஆறெழுத்துச் சொல்லும் சராசரியாக 4,096 இடங்களுக்கு ஒருமுறை வந்துதான் தீரும். மனித மரபுத்தொகுதியின் ஓர் இழையில் அது ஏழரை லட்சம் முறை. புரதங்களுக்கான மரபணுக்களோ சுமார் 20,000 மட்டுமே. உயிரிகளில் மோட்டிஃப்கள் அச்சு அசலாக வருவதில்லை, ஓரெழுத்து மாறியிருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். உண்மைதான். அப்படி ஓரெழுத்துப் பிழையை அனுமதித்தால், ஒரு சொல்லுக்கு 19 வடிவங்கள் ஆகிவிடுகின்றன. மாணவர்கள் வழக்கமாக எடுக்கும் 500 எழுத்துத் துண்டில், எந்தச் சொல்லும் சராசரியாக இரண்டு முறைக்கு மேல் தலைகாட்டும். முழுக்க முழுக்கத் தற்செயலாக உருவாக்கிய துண்டுகளில்கூட பத்துக்கு ஒன்பதில் அது இருக்கும். 'ஆய்வு செய்த வரிசைகளில் 90 சதவீதத்தில் இந்த மோட்டிஃப் காணப்பட்டது' என்ற வாக்கியத்தை நான் எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். அந்த 90 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்களுக்கும் தெரியும்.

உயிரியலைத் தாண்டியும் இந்த வியாதி உண்டு. எபிரேய விவிலியத்தின் எழுத்துகளைச் சம இடைவெளி விட்டுப் பொறுக்கினால் பிற்கால நிகழ்ச்சிகள் அதில் மறைந்திருக்கின்றன என்று 1990-களில் ஒரு பரபரப்பு. 1994-இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழிலேயே இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. பிறகு பத்திரிகையாளர் மைக்கேல் டிராஸ்னின் புத்தகமாக எழுதி விற்றுத் தள்ளினார். 'மோபி டிக்' நாவலில் ஒரு பிரதமரின் கொலையை எடுத்துக் காட்டுங்கள், நம்புகிறேன் என்று விமர்சகர்களுக்கு அவர் சவால் விட்டார். ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் பிரெண்டன் மெக்கே அதையே செய்து காட்டினார். திமிங்கில வேட்டைக் கதைக்குள் அவர் கண்டெடுத்த அரசியல் கொலைகளின் பட்டியலில் நம் இந்திரா காந்தியும் இருந்தார். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே பிள்ளைகள் மறுநாள் மீம் தந்த படத்தைப் பக்தியோடு ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

சிரிப்போடு முடியாத சம்பவமும் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று, கொரோனா இன்னும் நம் ஊர்களுக்குள் பரவாத நேரத்தில், டெல்லி ஆய்வாளர்கள் சிலர் ஒரு முன்பிரதிக் கட்டுரையை இணையத்தில் ஏற்றினார்கள். புதிய வைரஸின் கூர்ப்புரதத்தில் நான்கு குறுந்துண்டுகள் செருகப்பட்டிருக்கின்றன, அவை எச்ஐவி புரதங்களை ஒத்திருக்கின்றன, இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு என்பது அதன் சாரம். அன்று இரவே அது வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. வைரஸைச் செயற்கையாகச் செய்தார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. ஆனால் படித்த பாதிப் பேர் அப்படித்தான் படித்தார்கள். என் சித்தப்பா ஃபோன் போட்டு, "ஏம்மா, எய்ட்ஸ் கிருமியையும் இதையும் சேத்து வச்சுத் தச்சிருக்கானாமே?" என்றார்.

அந்தத் துண்டுகளின் நீளம் என்ன தெரியுமா? ஆறு எழுத்து, எட்டு எழுத்து, அவ்வளவுதான். புரதத்தின் அகரவரிசையில் 20 எழுத்துகள். ஆறெழுத்துச் சொற்கள் 6.4 கோடி. பெரிய எண்ணாகத் தெரிகிறதா? புரதத் தரவுத்தளங்களில் அப்போதே ஆயிரக்கணக்கான கோடி எழுத்துகள் குவிந்திருந்தன. எந்த ஆறெழுத்தைப் போட்டுத் தேடினாலும் ஏதோ பாக்டீரியாவில், ஏதோ பூச்சியில் கட்டாயம் கிடைக்கும். எச்ஐவியோ தன் உறைப்புரதத்தை ஓயாமல் மாற்றிக்கொள்ளும் வைரஸ். அதன் வகைகள் தரவுத்தளங்களில் ஏராளம். ஏதாவது ஒன்றில் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போதாக்குறைக்கு, 'புதிதாகச் செருகப்பட்டவை' என்ற நான்கில் மூன்று, ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஒரு வவ்வால் வைரஸிலும் இருந்தன. உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்ட, சில நாட்களிலேயே ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நாகரிகமான செயல், அதைப் பாராட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் போனதை யார் திரும்பப் பெறுவது?

அந்தத் துண்டுகளின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு, எதிலிருந்தும் எடுக்காத சில துண்டுகளை உருவாக்கி, அவற்றையும் அதே தரவுத்தளத்தில் தேடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் விஷயம் விளங்கியிருக்கும்.

அப்படியானால் எழுத்துகளை வெறித்துப் பார்ப்பதே வீண் வேலையா என்று கேட்டால், ஸ்பெயினின் அலிகாந்தே நகருக்குப் போக வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை ஃபிரான்சிஸ்கோ மொகிக்காவுடையது. அவர் ஊரருகே சாந்தா போலா என்ற இடத்தில் உப்பளங்கள் உண்டு. அங்கே கடும் உப்பில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தபோது, அதன் டிஎன்ஏவில் 30 எழுத்துள்ள ஒரே துண்டு, ஏறக்குறைய 36 எழுத்து இடைவெளியில், மறுபடி மறுபடி வருவதைக் கண்டார். 1993-இல் வெளியிட்டார். 1987-லேயே ஜப்பானின் ஒசாகாவில் யோஷிசுமி இஷினோ குழுவினர் ஈ.கோலி பாக்டீரியாவில் இதுபோன்ற ஒன்றைப் பார்த்து, இதன் பொருள் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தார்கள்.

இது தற்செயல் இல்லை என்று எப்படித் தெரியும்? 30 எழுத்துச் சொற்களின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போடும் அளவுக்குப் பெரிது. சில பத்து லட்சம் எழுத்துகளே உள்ள நுண்ணுயிரில் அப்படி ஒன்று தானாக இரண்டாம் முறை வருவதே நடக்காத காரியம். அளவெடுத்த இடைவெளியில் வரிசையாக வந்தால்? உப்பளத்து உயிரிக்கும் மனிதக் குடலில் வாழும் ஈ.கோலிக்கும் நெருங்கிய சொந்தபந்தம் ஏதும் கிடையாது. இரண்டிலும் ஒரே அமைப்பு என்றால்? ஆக, அமைப்பு மெய்யானது. அதன் பொருள் என்ன என்பதுதான் பல ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் பங்கிட உதவுகிறதோ என்று மொகிக்கா நினைத்தார், சோதித்தார், தேறவில்லை. ஆய்வகத்துக்குப் போதிய நிதியும் இல்லை. கணினி இருந்தது, பொதுத் தரவுத்தளங்கள் இருந்தன. 2000-க்குள் 20 நுண்ணுயிர்களில் அதே அமைப்பைத் தேடி எடுத்துவிட்டார். பிறகு அதற்குக் கிறிஸ்பர் என்று பெயர் வந்தது.

2003 ஆகஸ்டில், வெயில் தாங்காமல் குளிர்சாதன வசதியுள்ள தன் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மறுபடி வரும் துண்டுகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையில் இருந்த எழுத்துகளை எடுத்து பிளாஸ்ட் நிரலில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினார். எல்லாரும் திரும்ப வருவதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் திரும்ப வராததைப் பார்த்தார். ஓர் ஈ.கோலி வகையின் இடைத்துண்டு, பி1 என்ற வைரஸின் டிஎன்ஏவோடு பொருந்தியது. அந்த வகை பாக்டீரியாவை அந்த வைரஸ் தாக்காது என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஏறத்தாழ 4,500 இடைத்துண்டுகளைத் தேடியதில் 88-க்கு ஏதோ ஒரு பொருத்தம் கிடைத்தது. அந்த 88-இல் மூன்றில் இரண்டு பங்கு, அந்தந்த நுண்ணுயிரோடு தொடர்புடைய வைரஸ்களிலும், செல்லுக்குச் செல் தாவும் டிஎன்ஏ வளையங்களான பிளாஸ்மிடுகளிலும் போய் நின்றன. எங்கெங்கோ சிதறி விழாமல் உரிய எதிரியிடமே போய் விழுந்தன என்பதுதான் இதில் முக்கியம். பாக்டீரியா தன்னைத் தாக்கியவர்களின் அடையாளத்தை எழுதி வைத்துக்கொள்கிறது என்று மொகிக்கா புரிந்துகொண்டார்.

உலகம் உடனே எழுந்து கைதட்டிவிடவில்லை. 'நேச்சர்' இதழ் மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பியது. மேலும் சில இதழ்களும் மறுத்தன. 2005-இல்தான் ஒரு பரிணாமவியல் இதழில் அச்சாயிற்று. 2007-இல் டேனிஸ்கோ என்ற உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தயிரும் பாலாடைக்கட்டியும் செய்யப் பயன்படும் பாக்டீரியாவில் வைரஸின் துண்டைச் சேர்த்தும் நீக்கியும் பார்த்து, எதிர்ப்பு சக்தி அதற்கேற்ப வந்து போவதை மெய்ப்பித்தார்கள். அதன்மேல் எழும்பிய மரபணுத் திருத்தக் கருவிக்காக 2020-இல் இம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மொகிக்காவுக்கு இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

என் கோரிக்கைக்கு வருகிறேன். எதிர்ப்புகள் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று, இ-வேல்யூ தற்செயலைக் கணக்கில் எடுத்துத்தானே போடப்படுகிறது, பிறகு எதற்குக் கலைக்க வேண்டும் என்பது. மெய்தான், அடுத்தடுத்த எழுத்துகளுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை என்ற அனுமானத்தில் போட்ட மதிப்பு அது. டிஎன்ஏ அப்படி நடந்துகொள்வதில்லை. மனித மரபுத்தொகுதியில் சி-யை அடுத்து ஜி வருவது, வரவேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஏ ஏ ஏ என்று நீளும் இடங்கள் உண்டு. ஆலு என்ற 300 எழுத்துத் துண்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பரவிக் கிடக்கிறது. அதை மறைக்காமல் நிரலை ஓட்டினால் ஆலுவே பிரமாதமான மோட்டிஃபாக வந்து நிற்கும், இ-வேல்யூவும் பிரமாதமாக இருக்கும். ஆகவே முதலில் இவற்றை மறைக்க வேண்டும். பிறகு கலைப்பதையும் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல இஷ்டத்துக்குக் கலைக்காமல், அடுத்தடுத்த எழுத்து ஜோடிகளின் எண்ணிக்கை மாறாதபடி கலைக்க வேண்டும். அதற்கான வழியை ஸ்டீபன் ஆல்ட்சுல், புரூஸ் எரிக்சன் இருவரும் 1985-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். மொகிக்கா பயன்படுத்திய பிளாஸ்ட்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவரும் இதே ஆல்ட்சுல்தான்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. உண்மையான மோட்டிஃப்கள் பல, குட்டையாகவும் மங்கலாகவுமே இருக்கும்; கலைத்துப் பார்க்கும் சோதனையில் அவையும் அடிபட்டுப்போகும் என்பது. சரியான வாதம். இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டவர்களான வைத் வாசர்மனும் ஆல்பின் சாண்டலினும் 2004-லேயே, வரிசையை மட்டும் வைத்துக் கணித்த பிணைப்பிடங்களில் ஏறக்குறைய எல்லாமே செல்லுக்குள் எந்த வேலையும் செய்யாதவை என்று எழுதினார்கள். அதற்குத் தீர்வு சோதனையைக் கைவிடுவது அன்று. வேறு சாட்சி கொண்டுவருவது. 2003-இல் மனோலிஸ் கெல்லிஸும் கூட்டாளிகளும் நெருங்கிய உறவுள்ள நான்கு ஈஸ்ட் வகைகளின் மரபுத்தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான்கிலும் அழியாமல் காப்பாற்றப்பட்ட குறுஞ்சொற்களைத் தேடி 72 மோட்டிஃப்களை எடுத்தார்கள். அறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதில் வந்தன. பரிணாமம் அழிக்காமல் விட்டதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. அந்த நான்கு ஈஸ்டுகளின் வரிசைகளும் இலவசம்தான். நம் மாணவனின் லேப்டாப்பில் இறங்கும்.

ஆகவே நான் கேட்பது ஒரு பக்கம். இடது பாதியில் மெய்யான வரிசைகளில் கிடைத்த மோட்டிஃப். வலது பாதியில் கலைத்த வரிசைகளில் கிடைத்தது. இரண்டும் ஒரே தரத்தில் இருந்தால், 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று எழுத மாணவனுக்கு அனுமதி வேண்டும். அதற்காக மதிப்பெண்ணில் கைவைக்கக் கூடாது. இன்று ஒன்றும் கிடைக்காவிட்டால் புராஜெக்டே தோல்வி என்ற பயத்தில்தான் எல்லாருக்கும் ஏதாவது கிடைத்துவிடுகிறது. மொகிக்காவின் இடைத்துண்டுகளில் 4,400-க்கும் மேற்பட்டவற்றுக்கு அன்று எந்தப் பொருத்தமும் கிடைக்கவில்லை. அவற்றுக்கும் ஏதாவது ஓர் ஒற்றுமையை இழுத்துப் பிடித்திருந்தால், அந்த 88-இன் கதை அதற்குள் புதைந்து போயிருக்கும்.

இதற்குப் புதிய ஆய்வகம் வேண்டாம், நிதி வேண்டாம். கலைத்து ஓட்ட ஒரு மத்தியானம் போதும். சிலபஸ் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; புராஜெக்ட் அறிக்கையின் வடிவத்தைத் துறைத்தலைவரே ஒரு சுற்றறிக்கையில் மாற்றலாம்.